கடிகாரம் துடைக்கும் துணி

கல்யாணமாகி வந்தபோதே என் கணவரின் சட்டைப்பையில் ஒரு பாக்கெட் கடிகாரம் இருந்தது. சக்களத்தி என்றுதான் அதற்குப் பெயர் வைத்தேன். உண்மையில் அது தெருவுக்கே பொதுச்சொத்து. நீடாமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர். நிலமெல்லாம் ஒரே பண்ணை. புது ஆட்சி வந்து கூலி, வேலை நேரம் என்று ஏதேதோ பேசினார்கள். வயலில் என்னவோ பண்ணைக் காரியஸ்தர் சொல்வதுதான் மணி. பொழுது சாய்ந்தாலும் அவருக்கு மணி ஆகாது. அதனால் வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து, ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவரிடம் அதை வாங்கி, மணி பார்க்கத் தெரிந்த இவர் கையில் கொடுத்தார்கள்.

மூடி வெள்ளி முலாம். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தால் பித்தளை பல்லிளித்துவிடும், துணியால் மட்டும் துடைக்க வேண்டும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். எந்தத் துணி என்பதுதான் எங்கள் வீட்டுத் தீராத வழக்கு. இவருடைய கறுப்பு சிவப்புக் கரைத் துண்டில் சாயம் போகும், கஞ்சி கீறும். என் நைலான் ரவிக்கை வியர்வையை எடுக்காது, அப்பித்தான் விடும். துவாலையின் பிசிறு சாவி கொடுக்கும் திருகுக்குள் போய்விடும். துவைத்துத் துவைத்து நைந்த, கஞ்சியே காணாத, தையல் இல்லாத நூல் துணிதான் வேண்டும்.

அப்படி ஒன்று வீட்டில் இருந்தது. செத்துப்போன என் அம்மாவின் புடவை. பிறக்கும் முன்னே பிள்ளைக்குப் புதுத்துணி வாங்கக்கூடாது என்று, என் தலைப்பிரசவத்துக்காக அதைக் கிழித்து மடித்து வைத்திருந்தேன்.

“ஏ புள்ள, ஓரத்துல ஒரு சாண் குடேன்” என்று குழைவார்.

“ஒரு நூலு கூடக் கெடயாது. என் சக்களத்திக்கு எம் புள்ளத் துணியா? நல்லாருக்குங்க நியாயம்!”

சிரித்துவிட்டுத் தன் பழைய வேட்டியில் நைந்த இடமாகப் பார்த்துக் கிழித்துக்கொள்வார்.

அந்தத் தை மாத அறுவடையில் கூலித் தகராறு முற்றியது. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. எங்கள் ஆட்கள் வரப்பில் மறித்தார்கள். ஆற்றங்கரையில் போலீஸ் வேன் நின்றது. பண்ணை வாசலை மிதிப்பதில்லை என்று தெருவே சத்தியம் செய்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு வலி கண்டது. பிள்ளை தலை திரும்பவில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று மருத்துவச்சி விடிகாலையிலேயே கையை விரித்துவிட்டாள். ஊரிலிருந்த வண்டி மாடெல்லாம் பண்ணையுடையவை.

இவர் சத்தியத்தை மீறிப் போனார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வண்டி கேட்டுக் கும்பிட்டாராம்.

“ஒங்கிட்டதான் கடியாரம் இருக்கே. பாத்துக்கிட்டே நில்லு, வரும்” என்றிருக்கிறார் காரியஸ்தர்.

வெயில் ஏறும்வரை நின்றார். வண்டி வரவில்லை. அந்தக் காரியஸ்தன் மண்ணாகி எத்தனையோ காலமாகிறது; இன்னும் என் வயிறு ஆறவில்லை.

கயிற்றுக் கட்டிலில் வைத்து, வரப்பு வழியே என்னைத் தூக்கிப் போனார்கள். பையன். அழவேயில்லை. “கொஞ்சம் முந்திக் கொண்டாந்திருந்தா...” என்று நர்சம்மா இழுத்தது என் காதில் விழுந்தது. அவர் காதிலும் விழுந்தது.

மடித்து வைத்த துணியை எல்லாம் சுற்றித்தான் அவனைக் கொண்டுபோனார்கள். “நல்லா சுத்துங்க, வெளில பனியா இருக்கும்” என்றேன். நல்ல வெயில் நேரம் அது. பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

பிறகு தகராறு தீர்ந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரமும் முடிவானது. தெருவில் வெடி வெடித்தார்கள். இவர் மட்டும் கடிகாரத்தைத் தொடவில்லை. “அதப் பாத்தா இன்னும் அந்த வாசல்லயே நிக்கிற மாதிரி இருக்கு புள்ள” என்று பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட்டார்.

ஒருநாள் சாயங்காலம் அந்தத் தம்பி கடிகாரத்தோடு வந்தான்.

“அக்கா, மூடி மங்கிப்போச்சு. அண்ணன் எதால தொடைக்கும்?”

இவர் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். நான்தான் சொன்னேன். நூல் துணி, கஞ்சி படாதது, துவைத்து நைந்தது.

“அட, அதான் எங்க வீட்ல நெறயக் கெடக்கே! புள்ளைக்குக் கிழிச்ச துணி” என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“அதுவே போதும் தம்பி. மெத்துனு இருக்கும்” என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டு போனான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. உள்ளே வந்து முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். கொல்லையில் இவர் அழுவதும் கேட்டது.