கனகலிங்கத்தாரின் கைக்கொப்புளம்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டாவளைப் பக்கம் வந்து வயல் செய்த கனகலிங்கத்தாருக்கு மண்வெட்டி பிடிக்க நன்றாகத் தெரியும். அதைவிட நன்றாகப் புளுகத் தெரியும். "எங்கடை பரம்பரை தீவுப்பகுதி. தோணி வலிக்கிற சவள் பிடிச்ச கை இது" என்று அந்தக் குடியேற்றக் கொலனி முழுக்கச் சொல்லித் திரிந்தார். உண்மையில் மனுசன் தோணியில் ஏறியதே இரண்டு தரந்தான், அதுவும் பயணியாக.

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் சனமெல்லாம் கோயில் மேட்டில் ஏறி நின்றது. அவருடைய மனைவி இரஞ்சிதம் கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடித்து அழுதாள். தாய்ப்பசு வீட்டுக் கொட்டிலில் கட்டியபடி நின்றது.

"இஞ்சேருங்கோ, இப்ப கழுத்தளவுக்குத் தண்ணி வந்திருக்கும். கயித்தை அறுத்துவிட்டால் நீந்தி வந்திடும்."

கடற்கரையிலிருந்து தோணியோடு உதவிக்கு வந்திருந்த மார்கிறட் உடனே சவளைத் தூக்கினாள். கனகலிங்கத்தாருக்குப் பொறுக்கவில்லை.

"பொம்பிளை வலிக்க நான் குந்தியிருக்கிறதோ? சனம் சிரிக்கும். தா தங்கச்சி இஞ்சை" என்று பறித்துக்கொண்டார்.

ஐயோ, அந்தக் கண்றாவியை என்னவென்று சொல்ல! வாய்க்காலில் சேறு அள்ளுகிறவர் மாதிரிச் சவளின் பலகையைச் சரித்துக் குத்தித் தண்ணீரை மேலே வாரினார். அரைவாசி தோணிக்குள்ளே விழுந்தது. தோணியோ நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

"அண்ணை, பலகையை நிமித்தி முழுக்கத் தாழ்த்துங்கோ. தோணியோடை ஒட்டி இழுத்து, கடைசியிலை வெளிப்பக்கமாக் கொஞ்சம் திருப்புங்கோ. அப்பதான் நேரை போகும்."

"எனக்குத் தெரியும், நீ சும்மா இரு!"

மூன்றாந்தரமும் பற்றைச் செடிகளுக்குள் போய் மோதிய பிறகுதான் தலை குனிந்தபடி சவளைக் கொடுத்தார். மார்கிறட் வலிக்க, பலகை சத்தமில்லாமல் இறங்கியது, தோணி நேரே ஓடியது. கொட்டிலுக்குப் போனபோது தண்ணீருக்கு மேலே கொம்புகள் மட்டும் தெரிந்தன. கயிற்றை அறுத்தும் பசு அசையவில்லை. மார்கிறட் அதன் உடம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்பதான் சீவன் போயிருக்கு" என்றாள். அவருக்கு அந்த வெள்ளத்திலேயே முங்கிவிடலாம் போல இருந்தது.

மேட்டில் இரஞ்சிதம் ஓடி வந்தாள். அவர் வாயைத் திறக்குமுன் மார்கிறட் முந்திக்கொண்டாள்.

"நாங்கள் இஞ்சையிருந்து வெளிக்கிட முந்தியே தண்ணி மூடியிட்டுது, அக்கா. அண்ணை ஏலுமான மட்டும் வலிச்சவர்."

இரஞ்சிதம் அவருடைய உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிழையாகப் பிடித்த பிடியில் முழுக்கக் கொப்புளம்.

"பாவம், எவ்வளவு பாடுபட்டிருக்கிறியள்" என்று தேங்காயெண்ணெய் தடவினாள்.

உண்மை தொண்டைவரைக்கும் வந்தது. பக்கத்தில் கன்று தாயைத் தேடிக் கத்திக்கொண்டிருந்தது. கூனிக் குறுகிப்போய், வெட்கங்கெட்ட மனுசன், மற்றக் கையையும் நீட்டினார்.