கத்திரியும் டிரைவரும் ஒரே மேடையில்

எங்கள் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லாருக்கும் கத்திரி அக்கா. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, கண்ணாடிக் கதவு போட்ட பெண்கள் சலூன் அவளுடையது. கடைக்குப் பின்னாலேயே வீடு. மாடியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். கையில் இருக்கிற கத்திரியால் அந்தப் பெயர் வந்ததா, வாயில் இருக்கிற கத்திரியால் வந்ததா என்று ஒருமுறை அவளிடமே கேட்டேன். "ரெண்டையும் ஒரே இடத்துலதான் சாணை பிடிக்கிறேன்" என்றாள்.

அவள் கணவர் டவுன் பஸ் ஓட்டுகிறார். அவரை டிரைவர் என்றே சொல்வோம். அதிகம் பேசாத மனிதர். யாராவது ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். ஏறினவரிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆன இந்த இரண்டு பேரும், கருக்கலைப்புச் சட்டத்தை மாற்றலாமா வேண்டாமா என்று அரசாங்கம் மக்களிடமே வாக்குக் கேட்ட அந்த வருஷம், ஆளுக்கொரு பக்கம் போய் நின்றார்கள்.

பழைய சட்டம் கறாரானது. கருவுக்கு இதயத் துடிப்பு இருக்கும்வரை டாக்டர் கை வைக்கக் கூடாது. தாயின் உயிரே போகும் என்றால் மட்டும் யோசிக்கலாம். புதிய சட்டம் வந்தால் முதல் மூன்று மாதம்வரை முடிவு பெண்ணுடையது. அதற்குப் பிறகும் தாயின் உடல்நிலை கெட்டால் டாக்டர் காத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாக்குச்சீட்டில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே சொற்கள்.

அக்கா தன் ஏப்ரனில் 'ஆம்' என்று ஒரு பேட்ஜைக் குத்திக்கொண்டாள். நாற்காலியில் ஈரத் தலையோடு உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து ஓடவா முடியும்? எல்லாரும் அவள் பிரசாரத்தைக் கேட்டே ஆக வேண்டும். "தலையை அவ கையில குடுத்துட்டு இல்லைன்னு எப்படிச் சொல்றது" என்று மாவு மில்காரரின் மனைவி என்னிடம் கிசுகிசுத்தாள். டிரைவர் அந்தப் பக்கம், 'உயிர்க்காவல்' என்ற குழுவோடு சேர்ந்து, வேலை முடிந்ததும் யூனிஃபாரத்தைக்கூட மாற்றாமல் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார். பேச்சு வராத மனிதருக்கு எல்லாக் கதவும் திறந்தது. ஓடி வந்து அவர் பஸ்ஸில் ஏறாதவர் எங்கள் பகுதியில் யார்?

அவர்கள் வீட்டு வாசல் கதவில் இரண்டு ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தன. பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கும் மகள், இரண்டுக்கும் நடுவே தன் கையால் ஒரு தாள் எழுதி ஒட்டினாள்: 'மணி அடிக்கவும். உள்ளே அரசியல் கிடையாது.' நீ எந்தப் பக்கம் என்று கேட்டால், "நான் ரெண்டு பேருக்கும் பொண்ணு. என்னை ஆளை விடுங்க" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவின் இந்த வரிசையில் அக்காவும் அந்த வரிசையில் டிரைவருமாகக் கதவு தட்டிக்கொண்டே போய், கடைசியில் ஓய்வுபெற்ற தபால்காரர் வீட்டு வாசலில் ஒரே நேரத்தில் மோதிக்கொண்டார்கள். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரே வீட்டுலேர்ந்து வந்திருக்கீங்க. டீ ஒரு தடவைதான் போடுவேன், சேர்ந்து குடிச்சிட்டுப் போங்க" என்றார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மடியில் நோட்டீஸ் கட்டுகள். தபால்காரர் இரண்டையும் வாங்கிப் படித்து, எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார்.

தெருவுக்கு இதெல்லாம் நல்ல வேடிக்கையாக இருந்தது. வீட்டுக்குள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேசிக்கொள்வதில்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

வாக்கெடுப்புக்கு முந்தின வாரம், நூலகத்தின் மாடி அரங்கில் விவாதம் ஏற்பாடாகியிருந்தது. தலைநகரிலிருந்து 'ஆம்' தரப்பில் ஒரு பெண் வக்கீலும், 'இல்லை' தரப்பில் ஒரு மருத்துவப் பேராசிரியரும் வருவதாக இருந்தது. மாலைக்கு முன்பே அரங்கம் பிதுங்கியது. பள்ளியிலிருந்து நாற்காலி கொண்டுவந்தும் பற்றாமல் ஜன்னல் விளிம்பிலும் படிக்கட்டிலும் ஆட்கள். நான் மூன்றாவது வரிசையில் இடம் பிடித்திருந்தேன்.

நூலகர் மேடையேறி மைக்கைத் தட்டினார். முகத்தில் ஈயாடவில்லை. "ரயில் நடு வழியில நின்னுடுச்சு. வக்கீலம்மா, பேராசிரியர் ரெண்டு பேருமே அதே ரயில்லதான் இருக்காங்க" என்றார்.

"அப்ப விவாதம் அங்கே நடந்துக்கிட்டிருக்கும்" என்றார் தபால்காரர். அரங்கம் சிரித்தது. யாரும் எழுந்து போகத் தயாராக இல்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "கத்திரி அக்கா பேசட்டும்" என்றது. இன்னொரு குரல், "டிரைவரும் பேசட்டும்" என்றது. அவ்வளவுதான், கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். முன் வரிசையில் அக்கா எழுந்து நின்று, பக்கவாட்டுச் சுவரில் சாய்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். குழு ஆட்கள் அவர் முதுகில் கை வைத்து மேடைக்குத் தள்ளினார்கள். அக்கா அதற்குள் மேடையேறி உட்கார்ந்துவிட்டாள். என் பக்கத்தில் இருந்த மகள் கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

டிரைவர்தான் முதலில் பேசினார். மைக்கை இரண்டு கையாலும் ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டார். "எனக்குப் பேச வராது. கரு ஒரு உயிர். அதுக்கு வாய் இல்ல. அதுக்காக யாராவது பேசணும்ல, அதான் வந்திருக்கேன்." ஒரு பாதி அரங்கம் தட்டிய தட்டலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

அக்கா எழுந்தாள். "வாய் இல்லாதவங்களுக்காகப் பேசுறீங்க, சரி. வாய் இருக்கிறவ பேசினா கேக்குறீங்களா?" இன்னொரு பாதி எழுந்து நின்றே தட்டியது.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் டிரைவர். இப்போது இரண்டு பாதியும் சிரித்தது.

அதற்குப் பிறகு சூடு பிடித்துக்கொண்டது. கேள்விக்குக் கேள்வி, பதிலுக்குப் பதில். பலாத்காரத்தில் கரு உண்டானவள் என்ன செய்வாள் என்று அக்கா கேட்டாள். அந்தக் குழந்தை செய்த தப்பு என்ன என்று டிரைவர் கேட்டார். சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெண்கள் கலைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், வசதி உள்ளவள் வெளிநாடு போகிறாள், இல்லாதவள் கண்ட மாத்திரையை விழுங்குகிறாள் என்றாள் அவள். நடக்கிறது என்பதாலேயே ஒன்று சரியாகிவிடுமா என்றார் அவர். வாயே திறக்காத மனிதர் இப்படி மடக்குவார் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை. அக்காவின் கண்ணிலேயே ஆச்சரியம் தெரிந்தது. இரண்டு பேரில் யார் பேசினாலும், பேசுகிறவர் சொல்வதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

அப்போது மாவு மில்காரரின் மனைவி எழுந்தாள். "நோட்டீஸ்ல இருக்கிறத எல்லாம் நாங்க படிச்சாச்சு, டிரைவர் அண்ணே. உங்க சொந்தக் காரணம் என்ன? அதச் சொல்லுங்க."

அவர் தரையைப் பார்த்தார். மனைவியைப் பார்க்கவில்லை.

"எங்களுக்கு ரெண்டாவதா ஒரு பொண்ணு பொறந்தா. ஆறாம் மாசமே பொறந்துட்டா. பிழைக்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஒரு துணியில சுத்தி என் கையில குடுத்தாங்க. என் உள்ளங்கை அளவுதான் இருந்தா. நான் விரல நீட்டினேன். பிடிச்சுக்கிட்டா. கொஞ்ச நேரம்தான். ஆனா பிடிச்சுக்கிட்டா. அது யாருமில்லன்னு யாராவது சொன்னா, என்னால ஒத்துக்க முடியல. அவ்வளவுதான்."

அக்கா மைக்கை வாங்கினாள்.

"அதே நாள்தான் எனக்கும்" என்றாள். "பனிக்குடம் உடைஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொழந்தை தங்காதுன்னு அன்னிக்கே தெரியும். ஆனா துடிப்பு இருக்கு, சட்டம் இருக்கு, நாங்க எதுவும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டாங்க. நாள் கணக்கா படுக்கப் போட்டாங்க. காய்ச்சல் ஏறிச்சு. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. டாக்டரம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க, ஆனா ஒண்ணும் பண்ணல. கடைசியில அதுவா பொறந்தப்ப எனக்கு நினைவே இல்ல. கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. வீட்டுல மூணு வயசுப் பொண்ணு அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டு இருந்தா. நான் செத்திருந்தா அவளுக்கு யாரு பதில் சொல்லியிருப்பா? அதுக்காகத்தான் நான் ஆம்."

பேசி முடித்தவள் மைக்கைக் கீழே வைக்கவில்லை. கணவர் பக்கம் திரும்பினாள். எங்களை எல்லாம் மறந்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"விரலப் பிடிச்சாளா?"

"ம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ பொழைச்சு வந்ததே பெரிசா இருந்துச்சு. அப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"முடி இருந்துச்சா?"

ஆயிரம் தலையில் கை வைத்தவள் கேட்ட அந்தக் கேள்வி மைக் வழியாக அரங்கம் முழுக்கப் போனது.

"இருந்துச்சு" என்றார் டிரைவர். "பூனைமுடி மாதிரி. நெத்தி வரைக்கும் ஈரமா ஒட்டிக்கிட்டு."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். மகள் என் பக்கத்திலிருந்து எழுந்து, வரிசைகளைத் தாண்டிக்கொண்டு மேடைக்கு ஓடினாள். நூலகர் விவாதம் முடிந்தது என்று சொல்லக்கூட மறந்து நின்றார். யாரும் கை தட்டவில்லை. யாரும் உடனே கிளம்பவும் இல்லை. ஒரு பக்கத்து பேட்ஜ்காரர் மூக்கைச் சிந்த, மறு பக்கத்து பேட்ஜ்காரர் கைக்குட்டை கொடுத்ததை நான் பார்த்தேன். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வக்கீலும் பேராசிரியரும் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்கள். "முடிஞ்சுடுச்சா? யார் பேசினாங்க?" என்று வக்கீல் கேட்டார். தபால்காரர், "விஷயம் தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த மேடையால் மனம் மாறினார்களா என்று எல்லாரும் கேட்டார்கள். இரண்டு பேரும் மாறவில்லை. வாக்கெடுப்பு நாளன்று ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றார்கள். அவள் ஆம் போட்டாள். அவர் இல்லை போட்டார். இடையில் நின்ற மகள் என்ன போட்டாள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

முடிவு வந்த மாலை, ஆம் ஜெயித்தது. மயிரிழையில்தான், ஆனால் ஜெயித்தது. பெண்கள் மெயின் ரோட்டுக்கு இறங்கிவிட்டார்கள். ஏப்ரனோடு ஓடிய அக்காவின் பின்னால் நானும் ஓடினேன். பாட்டு, விசில், யார் யாரையோ கட்டிப்பிடிக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு டவுன் பஸ் வந்து மாட்டிக்கொண்டது. ஓட்டியவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்கா முன்கதவைத் தட்டினாள். திறந்தார். அவளோடு நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ஏறிக்கொண்டோம்.

"ஜெயிச்சுட்டீங்க" என்றார் அவர்.

"ஆமா."

"நீ சந்தோஷமா இரு. என்னால சேர்ந்து பாட முடியாது."

"யாரு பாடச் சொன்னா? வண்டியப் பாத்து ஓட்டுங்க" என்றாள். அவர் பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்துகொண்டாள். எங்களை அடங்கச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நாங்கள் பாடினோம், அவளும் பாடினாள், குரல் கம்மும்வரை. டிரைவர் சாலையைப் பார்த்தபடி மெதுவாக ஓட்டினார். ஒரு கையால் கண்ணைத் துடைத்தார். அவள் ஏப்ரன் பையிலிருந்து துண்டை எடுத்து நீட்டினாள்.

சட்டம் மாறிய பிறகு உயிர்க்காவல் குழுவில் சண்டை வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் கருவின் படங்களைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், உள்ளே போகும் பெண்களைத் தடுத்துப் பேச வேண்டும் என்றார்கள் சிலர். டிரைவர் மறுத்தார். "உள்ள போறவ ஏற்கெனவே நடுங்கிக்கிட்டுப் போறா. அவகிட்ட போய்க் கத்தினா அவ நமக்கு என்னத்துக்குக் காது குடுக்கணும்?" கோழை என்றார்கள். மனைவி பேச்சைக் கேட்டு ஆடுகிறான் என்றார்கள். அவர் வெளியே வந்துவிட்டார். ஒத்த கருத்துள்ள சிலரோடு பஸ் டிப்போ பக்கத்தில் இரண்டு அறை பிடித்து, குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்பியும் போக இடமில்லாத பெண்களைத் தங்க வைத்தார்கள். கட்டில்களைக் கழற்றித் தூக்கிப் போய் அவரே பொருத்தினார்.

அந்த அறைகளுக்கு முதலில் ஆள் அனுப்பியது யார் என்றால், அக்காதான். செல்போன் கடையில் வேலை பார்த்த ஒரு பெண், வீட்டில் துரத்திவிட்டார்கள், குழந்தை வேண்டும் என்று சலூன் நாற்காலியில் அழுதாள். அக்கா பாதி முடி வெட்டினபடியே போனை எடுத்து, "ஒருத்தி வரா. கட்டில் ரெடியா இருக்கா?" என்று கேட்டாள். அதே மாதத்தில், கலைத்துக்கொள்ள முடிவெடுத்த இன்னொரு பெண்ணை அக்காவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வாசலில் படங்களைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களை விலக்கிக்கொண்டு, அந்தப் பெண்ணின் தோளில் கையைப் போட்டு அழைத்துப்போனாள். இதையும் வீட்டில் மறைக்கவில்லை. டிரைவர் அன்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் காலை எழுந்து, "அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

இப்போது வீட்டுக்குள் பேசாத பேச்சில்லை. என் தரைக்குக் கீழே தினமும் விவாத மேடைதான். போன வாரம் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். எதிரே பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மனசாட்சி ஒப்பாத டாக்டர் கருக்கலைப்பு செய்ய மறுக்கலாமா என்று அன்றைய பேப்பரில் வந்திருந்தது.

"மறுக்கலாம்" என்றார் அவர், வணக்கம் கிணக்கம் எதுவும் இல்லாமல்.

"மறுக்கட்டும். மறுக்காத டாக்டர் ஒருத்தர் பக்கத்து ரூம்ல இருக்கணும்" என்றாள் அக்கா. என் தலை அவள் இடது கையில் இருந்தது. வலது கை காற்றில் ஆடியது.

"இல்லன்னா?"

"இல்லன்னா என்னை மாதிரி இன்னொருத்தி செத்துப் பொழைக்கணுமா?"

அவர் காலி நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டார். பஸ் ஜன்னலில் வரிசையாகத் தலைகள் நீண்டன. "அண்ணே, போலாமா?" என்று ஒருவர் கத்தினார்.

டிரைவர் கையைக் காட்டி, "ஒரு நிமிஷம் இருங்கப்பா" என்றார். "இவளுக்கு ஒரு பதில் சொல்லிட்டு வரேன்."