முறை வைத்துக் கொடுத்த கிண்ணம்

எங்கள் உதைபந்தாட்டத்தில் சாம்பியன் யார் என்பதை ஒரு குழுதான் தீர்மானித்து வந்தது. இதைச் சொன்னால் இப்போது என்னோடு வேலை செய்பவர்கள் நம்புவதில்லை. அதனால் ஒழுங்காக விளக்க வேண்டியிருக்கிறது.

மெல்பேர்னில் பல்கலைக்கழகத் தமிழ் மாணவிகளின் அணிகள் பருவம் முழுக்கத் தங்களுக்குள் விளையாடும். சிட்னியில் அங்குள்ள அணிகள் அப்படியே. இரண்டு புள்ளிப் பட்டியல்கள், இரண்டு முதலிடங்கள், ஒரே ஒரு கிண்ணம். நடுவே ஒரு முழு நாள் கார்ப் பயணம் இருந்ததால் முதலிடம் பெற்ற இரண்டு அணிகளும் சந்தித்ததே இல்லை. பருவ முடிவில் சிட்னியின் பரமட்டாவில் ஒரு மண்டபத்தில் இராப்போசனம் நடக்கும். அதற்கு முன்பே, கிண்ணத்தை வாங்கிக் கொடுத்த அங்கிள்மார், அதுதான் அந்தக் குழு, கூடி வாக்கெடுத்து விடுவார்கள்.

வாக்கு என்பதும் பெயருக்குத்தான். கிண்ணம் போன வருடம் அங்கே போயிருந்தால் இந்த வருடம் இங்கே. காரின் முன் சீட்டுக்குச் சண்டை பிடிக்கும் இரண்டு பிள்ளைகளைச் சமாளிக்கிற அதே முறை.

நான் அப்போது மென்பொருள் பொறியியல் கடைசி வருடம். வாரத்தில் இரண்டு நாள் ஒரு நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் வேலை. எங்கள் அணியில் பின்வரிசையில் இடது பக்கக் காவல். கப்டன் தாதியர் படிப்பை முடிக்கிறவள். டார்வினில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்துவிட்டது. அவளுக்கு அதுதான் கடைசிப் பருவம்.

அவள் ஏற்கனவே ஒருமுறை அந்தக் கிண்ணத்தைத் தூக்கியவள்தான், அதற்கு முந்திய எங்கள் முறையில். மேடையிலிருந்து இறங்கியபோது சிட்னிக் கப்டன் கைகொடுத்து, "கொங்கிராட்ஸ். இந்த வருசம் உங்கட முறைதானே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது. மெல்பேர்ன் திரும்பும் வரை எங்கள் கப்டன் கிண்ணத்தைத் தொடவில்லை. விமானத்தில் அது என் மடியில் வந்தது.

இப்போது மறுபடியும் எங்கள் முறை. பட்டியலிலும் நாங்களே முதலிடம். மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னில் பயிற்சி முடிந்து சப்பாத்துக் கழற்றும்போது கப்டன் என்னிடம் கேட்டாள்:

"நீதானே எல்லாத்தையும் சோதிச்சு ரெஸ்ட் பண்ணுற ஆள். நாங்கள் உண்மையா சாம்பியனோ எண்டு ரெஸ்ட் பண்ண ஒரு வழி சொல்லு."

"சிட்னியோட விளையாட வேணும். வேற வழியில்லை."

"அப்ப குழுவுக்கு எழுது."

எழுதினேன். முதலில் இரண்டு நகரங்களிலிருந்தும் முதல் இரண்டு அணிகள், அரையிறுதி, இறுதி என்று பெரிதாகப் போட்டேன். பிறகு ஒவ்வொன்றாக வெட்டினேன். மைதானம் கிடைக்காது. பரீட்சை நெருங்குகிறது. நான்கு அணிகளை ஏற்றி இறக்க வாகனம் இல்லை. மிஞ்சியது ஒரு ஆட்டம்: மெல்பேர்ன் முதலிடம், சிட்னி முதலிடம், இராப்போசனத்தன்று பகலில்.

குழுவோடு கூட்டம் கணினித் திரையில் நடந்தது. தலைவர் அங்கிள் ஓய்வுபெற்ற கணக்காளர். எல்லோருக்கும் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிற, யாரோடும் கோபிக்காத மனிதர். அன்றும் கோபிக்கவில்லை.

"பிள்ளை, பைனல் எண்டு வைச்சா ஒராள் தோக்க வேணும்."

"ஓம் அங்கிள். அதுக்குத்தான் வைக்கிறது."

"தோத்த ஆக்கள் சும்மா இருப்பினமோ? தாய் தேப்பன் இருப்பினமோ? அடுத்த மாசம் புதுச் சங்கம் ஒண்டு தொடங்குவினம். பிறகு ரெண்டு சங்கம், ரெண்டு டின்னர், ரெண்டு கப். எத்தினை கண்டனான்."

திரையில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. சங்கம் உடைந்த கதைகளை வீட்டுக்கு வீடு கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இன்னொரு அங்கிள் கேட்டது அதைவிடக் கனமான கேள்வி: பருவம் முழுக்க உழைத்து முதலிடம் வந்த அணி, ஒரு மத்தியானம் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதால் தோற்றுப்போனால் அது நியாயமா?

நியாயமில்லைதான். ஒரு ஆட்டம் ஒரு அணியை முழுதாக அளக்காது. நீண்ட பட்டியல் நன்றாக அளக்கும். அதை அங்கேயே ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒன்றையொன்று தொடாத இரண்டு பட்டியல்களை வைத்துக்கொண்டு எது பெரியது என்று கையைத் தூக்கிச் சொல்ல முடியாது. ஓடவிட்டுப் பார்க்காத மென்பொருளைச் சரி என்று நான் அனுப்புவதில்லை என்றேன். தலைவர் அங்கிள் "யோசிச்சுச் சொல்லுறம்" என்றார். யோசிக்கிறோம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

இரண்டு நாளில் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பிள்ளை, உனக்கு மட்டும் சொல்லுறன். கப் உங்களுக்குத்தான். எல்லாரும் ஓம் எண்டிட்டினம். கையில வந்ததை ஏன் தட்டிவிடுறியள்? இந்தக் கதையை விடு" என்றார்.

அன்று மாலை பயிற்சியில் அணியைக் கூட்டி அதை அப்படியே சொன்னேன். எங்கள் கோல் காப்பாளர் மலேசியத் தமிழ்ப் பெண். அவள்தான் முதலில் பேசினாள்.

"அப்போ பெனால்டிக்கும் ஓட்டு போட்டுடலாமே. நான் எதுக்கு விழுந்து எந்திரிக்கணும்?"

எல்லோரும் கப்டனைப் பார்த்தோம். டார்வின் போகப் போகிறவள் அவள்தான். வேண்டாம் என்றால் வெறுங்கையோடு போக நேரலாம்.

"முறைக்கு வாற கப் ஒண்டு என்னட்ட இருக்கு," என்றாள் கப்டன். "இன்னொண்டு வேண்டாம்."

நான் சிட்னிக் கப்டனை அழைத்தேன். தயங்குவாள் என்று நினைத்து மூன்று காரணங்களை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். முதலாவதை முடிக்கவே அவள் விடவில்லை.

"போன வருசம் நாங்கள் எடுத்ததும் அப்பிடித்தானே. என்ர தம்பியே நக்கலடிக்கிறான். வாங்கோ, விளையாடுவம். ஆனா அழக்கூடாது."

"கண் துடைக்க ரிஷூ நாங்கள் கொண்டு வாறம். உங்களுக்கு."

இரண்டு கப்டன்களும் சேர்ந்து ஒரே மின்னஞ்சலை அனுப்பினார்கள். இரண்டு நகரமும் ஒன்றாக நிற்பதைக் குழு அதுவரை பார்த்ததில்லை போலும். அன்றே சம்மதம் வந்தது.

பரமட்டாவுக்குப் பக்கத்து மைதானம், மழை பெய்து ஈரம் காயாத புல். பெற்றோர், அன்ரிமார், இடியப்பப் பெட்டிகள். சிட்னி அணி எங்களைவிட வேகமானது என்பது தொடங்கியதுமே தெரிந்தது. மூலை உதையில் தலையால் அடித்து முதல் கோலைப் போட்டார்கள். இடைவேளை வரை நாங்கள் ஓடியதெல்லாம் பின்னோக்கித்தான்.

தண்ணீர் குடிக்க ஓரத்துக்கு வந்தபோது தலைவர் அங்கிள் என் பக்கமாக நடந்து வந்தார்.

"இப்பச் சொல்லு பிள்ளை. வோட்டு நல்லாத்தானே இருந்தது?"

"மட்ச் இன்னும் முடியேல்லை அங்கிள்."

சொன்னேனே தவிர, கையில் இருந்ததைத் தட்டிவிட்டோமே என்ற எண்ணம் போகவில்லை. கப்டன் பேச்சு எதுவும் நிகழ்த்தவில்லை. "அவளவை களைச்சிட்டாளவை. நீ மேல ஏறு," என்று என்னிடம் சொன்னாள். அவ்வளவுதான்.

அவள் சொன்னது சரி. சிட்னியின் வலது பக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. நான் முதல் பாதியில் எட்டிப் பார்க்காத இடங்களுக்கெல்லாம் ஏறினேன். ஒரு முறை என்னை இழுத்து விழுத்தினார்கள். அந்தச் சுயாதீன உதையைக் கப்டன் சுவராக நின்றவர்களின் தலைக்கு மேலால் வளைத்து வலைக்குள் போட்டாள். சமம். அதன் பிறகு எங்கள் காப்பாளர் பக்கவாட்டில் பாய்ந்து ஒரு பந்தை விரல் நுனியால் வெளியே தள்ளினாள். முடிவதற்குச் சற்று முன், கையில் பிடித்த இன்னொரு பந்தை எல்லோர் தலைக்கும் மேலாக உதைத்தாள். கப்டன் தனியாக ஓடினாள். நான் பின்னால் நின்று அவளுடைய முதுகை மட்டும் பார்த்தேன். பிறகு வலை ஆடியது.

விசில் ஊதியதும் புல்லில் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தோம். தலைவர் அங்கிள் கைதட்டிக்கொண்டிருந்தார், தன்னை மறந்து. சிட்னிக் கப்டன் அழுதாள். அழுதபடியே எங்கள் கப்டனைக் கட்டிப்பிடித்து, "அடுத்த வருசம் மெல்பேர்னுக்கு வந்து எடுக்கிறம், பார்" என்றாள். அதே அணிகள் பத்துத் தடவை விளையாடினால் சிலவற்றில் அவர்கள்தான் வெல்வார்கள். எனக்குத் தெரியும். அன்று விளையாடியதில் நாங்கள் வென்றோம்.

கப்டன் சேற்றுக் கையோடு தன் அம்மாவை அழைத்தாள். சத்தத்தில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கப் உங்களுக்கோ? குடுத்திட்டினமோ?" என்றார் அம்மா.

"குடுக்கேல்லை அம்மா," என்று கத்தினாள். "விளையாடி வெண்டனாங்கள்!"