மூஸ் வேட்டைக்குப் போன தேங்காய்

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று என் கணவர் கேட்டார். ஒரு சோடிக் காப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். மூஸ் வேட்டைக்குப் போக வேண்டும் என்றேன்.

மூஸ் என்பது குதிரையைவிட உயரமான மான். தோளில் திமில் மாதிரி ஒரு மேடு, தொங்கும் மூக்கு. நூறு வருடங்களுக்கு முன் கனடாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து, நியூசிலாந்தின் தென்மேற்கு மூலையில் ஃபியோர்ட்லாண்ட் காட்டில் அவிழ்த்துவிட்டார்கள். எல்லாம் செத்துவிட்டன என்று ஒரு கட்சி. ஒன்றிரண்டு இன்னும் உண்டு என்று ஒரு கட்சி. கடைசியாக எடுத்த ஒழுங்கான படம் என் அம்மாவின் கல்யாணப் படத்தைவிடப் பழையது. பல் வைத்தியரிடம் காத்திருந்தபோது ஒரு சஞ்சிகையில் இதை வாசித்த நாளிலிருந்து நான் இரண்டாம் கட்சி. எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் உடும்புப் பிடிதான்.

ஆக்லாந்தில் மாசி என்ற பகுதியில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்துபோகிற எல்லோரும் சிரித்தார்கள். மகள் தலையில் கை வைத்தாள். பக்கத்து வீட்டு மலேசியத் தங்கச்சி, "பேசாம பாலிக்குப் போயிட்டு வாங்கக்கா, அங்க குரங்காவது நிச்சயம்" என்றாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. மூஸைக் காணாமல் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

புறப்படும் காலை என் கணவர் வாசலில் தேங்காய் உடைக்க நின்றார். விமான நிலையத்துக்குப் போக வண்டி வந்துவிட்டது. "காணும், ஏறுங்கோ அப்பா!" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். உடைக்காத தேங்காயைத் துவாயில் சுற்றித் தன் பையில் வைத்துக்கொண்டார். விமான நிலையச் சோதனையில் அதை வெளியே எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்கள். கடவுளுக்கு என்று அவர் விளக்க, எனக்கு மானம் போனது.

வழிகாட்டி எங்கள் வயதுக்காரர். தாடி, கொஞ்சப் பேச்சு. பாதி ஆயுளை மூஸ் தேடியே கழித்தவர், ஒருமுறையும் கண்டதில்லை. துப்பாக்கி வேண்டாம், கேமராதான் என்று நான் முன்னமே சொல்லியிருந்தேன். இருக்கிற ஒன்றையும் சுட்டுவிட்டு எந்த முகத்தோடு வீடு திரும்புவது? அவர் போட்டது ஒரே ஒரு சட்டம்: சத்தம் கூடாது. பேச்சில்லை, இருமல் இல்லை, ஜாக்கெட்டின் ஜிப்பைக்கூட மெதுவாகத்தான் இழுக்க வேண்டும்.

நீரில் இறங்கும் சின்ன விமானம் எங்களை ஒரு குடிசைக்கருகில் இறக்கிவிட்டுப் போனது. அதன்பின் மழை, சேறு, கடிக்கிற பூச்சி. என்ன சொன்னாலும் எனக்கு ஒரே சந்தோஷம். நனைந்த பாசிக்குள் முழங்கால்வரை புதைந்தபோதும் சிரிப்புத்தான் வந்தது. இரண்டாம் நாள் வழிகாட்டி ஒரு மரத்தடியில் நின்று மேலே காட்டினார். அவர் தலைக்கும் மேலே ஒரு கிளை முறிந்து, இலைகள் உருவப்பட்டிருந்தன. சாதாரண மானுக்கு அது எட்டாது. நான் சத்தம் போடாமல் என் கணவரின் கையைக் கிள்ளினேன். அவர் சத்தம் போடாமல் வலியைப் பொறுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கடைசி நாள் விடிந்தது. மத்தியானம் விமானம் வந்துவிடும். ஆற்றங்கரையில் பதுங்கி இருந்தோம். நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் என் காதுக்குள், "ஒரு காரியம் துவங்கேக்க தேங்காய் உடைக்காமல் வந்தால் இப்பிடித்தான்" என்றார். நான் முறைத்தேன். அவர் எழுந்து, பையைத் திறந்து, தேங்காயை எடுத்து, ஆற்றங்கரைக் கல்லொன்றில் ஓங்கி அடித்தார்.

டமார்! பள்ளத்தாக்கு முழுவதும் அது திரும்பத் திரும்பக் கேட்டது. வழிகாட்டி வாயைப் பிளந்தபடி அவரைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த மனுஷனை ஆற்றில் தள்ளியிருப்பேன். அவரோ குனிந்து, சிதறிய தேங்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம்தான் அக்கரைப் புதர் உடைந்தது. முதலில் ஒரு கறுத்த தோள், அதன்மேல் அந்த மேடு, பிறகு நீண்ட தொங்குமூக்கு. கொம்பில்லை. தண்ணீரில் இரண்டு எட்டு வைத்து, என்னை ஒரு பார்வை பார்த்து, திரும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. கேமரா என் கழுத்தில் தொங்கியது, மூடியும் கழற்றாமல். "மூஸ்! மூஸ்!" என்று நான் போட்ட கூச்சலில் இருந்த சட்டமும் போனது.

வழிகாட்டி திரும்பிப் பார்க்கையில் கிளைகள்தான் ஆடிக்கொண்டிருந்தன. பெரிய மானாகவும் இருக்கலாம் என்றார். ஆனால் விமானம் ஏறும்போது என் கணவரிடம் தயங்கித் தயங்கி, அந்தக் காய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார்.

ஆக்லாந்து திரும்பிய வாரம் பாபகூராவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் எனக்குப் பிறந்தநாள் விருந்து. கதையைச் சொன்னேன். "படம் எங்கக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி. "அம்மா, இட் வாஸ் எ கவ்" என்றாள் மகள். வீடே சிரித்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மாடில்லை பிள்ளை, மூஸ்தான். நானும் கண்டனான்" என்றார் என் கணவர், சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு. விசா நேர்காணலில்கூட ஒரு சின்னப் பொய் சொல்லத் தெரியாமல் திணறிய மனுஷன். அவர் சொன்னால் எங்கள் ஆட்களிடம் மறுபேச்சில்லை. சிரிப்பு நின்றது. ஒவ்வொருவராகக் கதிரையை எனக்குக் கிட்டே இழுத்துக்கொண்டு, இன்னொருதரம் முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள்.

திரும்பும் வழியில் காரில் கேட்டேன். "நீங்கள் குனிஞ்சு தேங்காய் பொறுக்கினனீங்கள். எப்பிடிக் கண்டனீங்கள்?"

"மூஸைக் காணேல்லைத்தான்" என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நிமிர்ந்தபோது உம்மடை முகத்தைக் கண்டனான். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை அப்பிடி ஒரு முகம் நான் கண்டதில்லை. மாட்டைக் கண்டு ஆருக்கும் அந்த முகம் வராது."

ஆற்றங்கரையில் மூஸ் வந்து நின்றபோதுகூட எனக்கு நெஞ்சு அப்படி அடிக்கவில்லை.