தானாகத் திரும்பி வந்த வைஃபை

என் வீட்டுக்காரர் இறந்த ஐந்தாவது மாதம் அவருடைய லேப்டாப் வீட்டுக்கு வந்தது. பீங்கான் தொழிற்பேட்டையில் அவர் சூளை பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி அலமாரியில் கிடந்ததாம். அவருடைய தம்பி போய் வாங்கிவந்து மேசைமேல் வைத்தார். நான் தம்பிக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

காரணம் இருந்தது. காரியம் முடிந்த வாரமே, அண்ணன் போன் சும்மாதானே கிடக்கிறது, தன் மகளுக்கு ஆகட்டும் என்று எடுத்துப்போய் உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டார். அப்போது தலையாட்டியது நான்தான். ஆனால் என் வீட்டுக்காரர் குரல் அதில்தான் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது பிறகுதான். "உங்கண்ணன இன்னொரு தடவ சாவடிச்சிட்டீங்க தம்பி" என்று சொன்னேன். சொன்னது அதிகம். அதிகம் என்று தெரிந்தும் அதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.

குரல் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சூளை எரியும்போது மணிக்கொருதரம் சூடு பார்க்க வேண்டும். கையெல்லாம் பீங்கான் மாவாக இருக்கும் என்பதால் அப்போதைக்கு எழுதமாட்டார். "மணி பதினொண்ணு. தொள்ளாயிரத்து நாப்பது" என்று போனில் பேசி வைப்பார். அது நெட் வழியாக லேப்டாப்பிலும் வந்து உட்காரும். சாயந்திரம் அதைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதுவார்.

தம்பி லேப்டாப்பைத் திறந்ததும் அந்தக் குரல்கள் அத்தனையும் தேதிவாரியாக வரிசையில் நின்றன. அவர் முகம் மலர்ந்தது. மறு நொடியே பதறிப்போய் ஓரத்தில் எதையோ அமுக்கினார்.

"வைஃபைய அணைச்சிட்டேன் அண்ணி. நெட்டு பட்டுச்சுன்னா நான் அங்க அழிச்சது இங்கயும் அழிஞ்சிரும். மூடி வச்சிடுங்க. வேப்பூர் வரைக்கும் ஒரு வேலை இருக்குது, வரும்போது பென் டிரைவ் வாங்கியாந்து ஏத்திக்கலாம். அதுவரைக்கும் தொறக்காதீங்க."

பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. வைஃபைதான் அணைந்திருக்கிறதே, கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று திறந்தேன். சத்தம் போடுகிறதென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தேன்.

"மணி எட்டு. இருநூத்தி பத்து." பின்னால் பர்னர் இரைகிறது. "மணி ஒம்பது. முந்நூத்தி முப்பது." நடுவில் ஒரு தும்மல். அவர் பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, திரும்பிப் பார்க்காமலிருக்கவும் முடியவில்லை. வியர்த்து ஊற்றியது. வரிசையின் கடைசியில் அவர் போன நாளின் தேதி இருந்தது, மணி ஒன்று. ஒன்றேகாலுக்குச் சூளைக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று சொன்னார்கள். அதைக் கடைசியாகத்தான் கேட்பது என்று வைத்துக்கொண்டேன். நல்லதைக் கடைசிக்கு வைத்துச் சாப்பிடுகிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அறைக்குள் 'டிங்' என்று ஒரு சத்தம். நான் லேப்டாப்பைப் பார்க்கவில்லை, வாசலைத்தான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் அவர் எழுந்துவிடுவார். சூளை இல்லாவிட்டாலும் எழுந்து அடுப்படிவரை போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார். யாரோ எழுந்து போனதுபோல்தான் எனக்கு இருந்தது.

மறுபடி லேப்டாப்புக்குத் திரும்பியபோது வைஃபை வந்திருந்தது. மாடி வீட்டு ஓனருடையது, அதன் பாஸ்வேர்டு லேப்டாப்புக்குப் பழக்கம். கடைசி வரி இல்லை. அதற்கு மேல் வரியும் என் கண் முன்னாலேயே போனது. தம்பி அமுக்கிய இடத்தைத் தேடிப் பிடித்து அணைப்பதற்குள் ஏழெட்டு போய்விட்டது.

அணைத்த பிறகுதான் அந்தப் பொத்தானுக்குக் கீழே இருந்த வரியைப் படித்தேன். வைஃபை மறுபடி எப்போது வரவேண்டும் என்று அதில் கேட்டிருந்தது. 'ஒரு மணி நேரத்தில்' என்று என் வீட்டுக்காரர் தேர்ந்து வைத்திருந்தார். கம்பெனியில் லேப்டாப்புக்கு அவருடைய போன் நெட்தான். டேட்டா தீர்ந்துவிடும் என்று சூடு அனுப்பிய கையோடு அணைத்துவிடுவார். ஒரு மணி நேரம் கழித்து அது தானாக வந்து, தேங்கிக் கிடந்த மெசேஜ் 'டிங்' என்று விழும். சூளையைப் பார்க்க எழுந்து போக அவருக்கு அதுதான் மணி. அவர் போன பிறகும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாற்ற வேண்டும். 'நானாகப் போடும்வரை வேண்டாம்' என்கிற வரி அதற்குக் கீழேயே இருந்தது. மிச்சக் குரல்கள் இருக்க வேண்டுமானால் அவர் வைத்த மணியை நான் நிறுத்த வேண்டும். விரலை வைத்துக்கொண்டு அழுதேன். அப்புறம் மாற்றினேன்.

தம்பி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பென் டிரைவைச் சொருகி, எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, வரிசையை மேலும் கீழும் பார்த்தார். அழித்ததெல்லாம் போய் விழும் தொட்டியையும் திறந்து பார்த்தார். அதிலும் இல்லை.

"கடைசி நாளு காணோமே அண்ணி. நான் அழிச்சதுதான் இங்கயும் வந்து..." தலையைக் குனிந்துகொண்டார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஐந்து மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இல்ல தம்பி. காலைல இருந்துச்சு. தொறக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போனீங்க, நான் தொறந்தேன். இத அழிச்சது நானு."

அவர் லேப்டாப்பை மூடிவைத்தார். பிறகு மெதுவாக, "அதுலயும் சூடு எவ்ளோன்னுதான் சொல்லியிருப்பாரு அண்ணி" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். மணி ஒன்று, ஆயிரத்து நூற்றுச் சொச்சம். அதற்குப் பிறகு ஏதாவது சொன்னாரா, என்னைக் கூப்பிட்டாரா என்று தினமும் அந்த நேரத்துக்குக் கேட்டுக்கொள்கிறேன். பதில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் என் மேசைமேல் இருந்தது.