எங்கள் துறையில் கயிறு கட்டுகிறவர்

வாரத்துக்கு இரண்டே தடவைதான் கப்பல். அது எங்கள் தீவில் நின்றால் மாவும் மருந்தும் வரும். எங்கள் தேனும் பாலாடைக்கட்டியும் சந்தைக்குப் போகும். நிற்காவிட்டால் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். ஒரு காலத்தில் அரசாங்கம் தனக்குப் பிடிக்காதவர்களையெல்லாம் இங்கேதான் கொண்டுவந்து தள்ளியது. கைதிகளை இறக்க மட்டும் எந்தப் புயலிலும் கப்பல் தவறியதில்லை. நினைத்தால் வயிறு எரிகிறது.

கப்பல் எறியும் கயிற்றை இழுத்து, கரையில் நட்ட இரும்புக் குற்றியில் மாட்டுகிறவர் பராஸ்கேவாஸ். முப்பத்தொரு வருடமாக இதே வேலை. துறையிலேயே காபிக் கடை வைத்திருப்பவள் நான். அந்த மனிதர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

மார்ச் மாதம் அவர் மனைவி அனெஸோவை, இனி வைத்தியமில்லை என்று ஏதென்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். செத்தால் தன் வீட்டில்தான் சாக வேண்டும் என்று கப்பலேறினாள். அன்று கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. கப்பல் எங்களைக் கண்டும் நிற்காமல் போனது. மேல்தளத்தில் அவளுடைய நீலத் தலைத்துணி தெரிந்தது. இவர் வெறுங்கையோடு நின்றார்.

பிறகு கேப்டனுக்குப் போன் போட்டார்.

"காத்து ஜாஸ்தி, பெரியவரே. ஒதுங்க முடியல" என்றான் அந்தப் பாவி.

எங்கே அடித்தது காற்று? ஒரு நோயாளிக்கும் நாலு மூட்டை மாவுக்கும் டீசல் எதற்கு என்ற நினைப்பு. அடுத்த தீவில் இறக்கிவிடப்பட்ட அனெஸோ, அங்கே முன்பின் தெரியாதவர் வீட்டுக் கட்டிலில் செத்தாள்.

ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்கு அமைச்சர் அதே கப்பலில் வந்தார். கப்பல் நேரத்துக்கு முன்பே வந்து நின்றது. வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

"கட்டாதீங்கண்ணே" என்றேன்.

"நம்ம ஜனமும் உள்ள இருக்கு தாயி. அதுங்க என்ன பண்ணுச்சு?"

இரண்டு கயிற்றையும் மாட்டினார். மூட்டை முடிச்சோடு எங்கள் ஆட்கள் இறங்கினார்கள். கடைசி ஆள் கரையேறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். கரையில் வாத்தியக்காரர்கள் தயாராக நிற்க, அமைச்சர் மேல்தளத்தில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பராஸ்கேவாஸ் குனிந்து, கயிறு தளர்ந்த நேரம் பார்த்து இரண்டையும் கழற்றித் தண்ணீரில் விட்டார். கப்பல் மெல்ல விலகியது.

"யோவ், என்னய்யா பண்றே? அமைச்சர் எறங்கணும்யா" என்று கேப்டன் மேலிருந்து கத்தினான்.

பராஸ்கேவாஸ் கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். கம்பத்தில் கொடிகூட அசையவில்லை.

"காத்து ஜாஸ்தி, கேப்டன். அடுத்த தீவுல எறக்கி விடு. அங்க ஒரு கட்டில் காலியா இருக்கு."