சீட்டாட்டத்தை நீக்கப் போய்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். என் இன்ரநெற் கடையின் ஒரே கணினியில் இருந்த சீட்டாட்டத்தை நீக்கப் போய், இன்று காலை முழுக் கணினியையும் மொட்டையடித்துவிட்டேன்.

நீக்கச் சொல்லிக் கட்டளையைத் தட்டினேன். "இதனோடு சேர்ந்து இவையெல்லாம் போகும், சம்மதமா?" என்று கணினியை இயக்கும் லினக்ஸ் ஒரு முழத்துக்குப் பட்டியல் போட்டுக் கேட்டது. சென்ட்ரியில் ஆமிக்காரன் சிங்களத்தில் என்ன கேட்டாலும் விளங்காமலே "ஓம், ஓம்" என்று சொல்லிப் பழகிய ஆள் நான். வாசிக்காமல் சம்மதம் கொடுத்துவிட்டேன். கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து ஆமியின் சுற்றிவளைப்பு. வீதியை மூடிவிட்டார்கள். கைத்தொலைபேசியையும் நிறுத்திவிட்டார்கள்; கம்பி வழி வரும் இணையம் மட்டும் ஓடியது. கடைக்குள் நானும் மின்னஞ்சல் பார்க்க வந்த செல்வி அக்காவும் மட்டும். அவருடைய மகன் விடியக் கொழும்புக்குப் பஸ் ஏறியிருந்தான். போய்ச் சேர்ந்ததும் மின்னஞ்சல் போடுவான் என்று காத்திருந்தார்.

"தம்பி, கெதியாத் திறவுங்கோ."

"ஏலாது அக்கா. அழிச்சதையெல்லாம் திரும்ப இறக்குது. நூற்றுக்கு நாலு வீதம் வந்திட்டுது."

"அழிக்கேக்க ஒரு நிமிசம். வரேக்க மட்டும் ஏன் இந்த இழுவை?"

"ஊர் வழமைதானே அக்கா."

அவர் சிரிக்கவில்லை. கதிரையைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டு, ஒவ்வொரு வீதத்துக்கும் பிள்ளையாரைக் கூப்பிட்டார். வெளியே சப்பாத்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பிள்ளையாரும் மெதுவான குரலுக்கு இறங்கினார்.

மத்தியானம் வீதி திறந்தது. முதல் ஆளாக உள்ளே வந்தவன் அக்காவின் மகன்.

"பஸ்ஸைக் கப்பல்துறைச் சென்ட்ரியிலேயே திருப்பிப்போட்டாங்கள் அம்மா. காலமையிலயிருந்து நான் வீட்டிலைதான் நிக்கிறன்."